ஒரு நாற்காலிக்கான இசை

சின்ன அறைக்கென்றே மதியழகன் தேடி வாங்கிய ஸ்பீக்கர்கள் அவை. நாற்காலியில் உட்காருபவர் காதுக்குப் பாட்டு மட்டுமே போகும்; மற்ற சத்தமெல்லாம் அழிந்துவிடும். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, எதையெல்லாம் அழிக்க வேண்டுமென்று பழக்கினான். மின்விசிறி, குக்கர் விசில். நடுவே சமையலறையிலிருந்து மனைவி பூங்கோதை, "ஏங்க, இங்க வாங்களேன்!" என்றாள்.

"இந்தக் குரலையும் நீக்கவா?" என்றது ஸ்பீக்கர்.

"ஆமா, முதல்ல அதை நீக்கு," என்றான் எரிச்சலோடு.

ஞாயிற்றுக்கிழமை பகலில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தபோது பருப்பு தீயும் வாடை வந்தது. "அடுப்பப் பாரு!" என்று உட்கார்ந்தபடியே கத்தினான். பதில் கேட்கவில்லை. புகை அறைக்குள் வந்த பிறகுதான் எழுந்தான்.

நாற்காலியை விட்டு ஓர் அடி நகர்ந்ததும் கேட்டது. குளியலறைத் தரையிலிருந்து, கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டையில்: "ஏங்க..."