மருந்தடித்த காலை

வேனிலிருந்து இறங்கியதும் அவள் செருப்புக்கடியில் ஏதோ நொறுங்கியது.

தேனீ.

பக்கத்தில் இன்னொன்று. பிறகு தரை முழுக்க.

முருங்கைத் தோட்டத்தில் அவள் வைத்திருந்த நாற்பது தேனீப் பெட்டிகளின் வாசலிலும் குவியல் குவியலாகக் கிடந்தன. சில இன்னும் சாகவில்லை. நாக்கை நீட்டியபடி ஒரே இடத்தில் சுற்றின. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

அவள் வளர்த்தவை மட்டுமல்ல. கருவண்டுகள் மல்லாந்து கிடந்தன. வண்ணத்துப்பூச்சிகள். அலகு திறந்தபடி ஒரு தேன்சிட்டு.

காற்றில் மருந்து நெடி. எப்போதும் கேட்கும் ரீங்காரம் இல்லை.

தோட்டக்காரர் சுயம்புலிங்கம் கடைசி வரிசையில் நின்றார். முதுகில் டேங்க். சட்டை இல்லை. தலைக்கு மேலே தொங்கிய பூங்கொத்துகளுக்கு அடித்துக்கொண்டிருந்தார். சாரல் அவர் மீதே இறங்கியது.

ஒரு பெட்டியின் மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"அடிக்கதுக்கு முந்தி சொல்லணும்னு சொன்னேனா இல்லியா, அண்ணாச்சி? ஒரு போன். நேத்தே பெட்டியத் தூக்கியிருப்பேனே."

"புழு விழுந்துட்டு, ஜெபராணி. பூச்சிக்குத்தான அடிச்சேன்."

மூடியின் விளிம்பு அவர் நெற்றியில் இறங்கியது.

அவர் விழுந்தார். அவள் நிறுத்தவில்லை. தோளில். முழங்கையில். டேங்க் பிளந்து மருந்து மண்ணில் ஓடியது.

பதினோரு வருடமாகப் பெருக்கியவை. ஒரே காலையில்.

மூடி இரண்டாக உடைந்தது. கையில் மிஞ்சிய கூரான துண்டை அவர் கழுத்துக்கு நேரே ஓங்கினாள்.

அவர் தடுக்கவில்லை. கையைத் தூக்கக்கூட இல்லை.

அப்போதுதான் அவர் வாயைப் பார்த்தாள். எச்சில் நூலாக வழிந்தது. கண்மணிகள் கடுகாகச் சுருங்கியிருந்தன. தொடைச்சதை தானாகத் துடித்தது.

அது அவள் அடித்ததால் வந்ததல்ல. அந்த நடுக்கத்தை அவள் சற்றுமுன் தரையில் பார்த்திருந்தாள்.

துண்டை எறிந்தாள்.

மோட்டார் தொட்டி வரை இழுத்துப் போனாள். வேட்டியை உருவிவிட்டுத் தண்ணீரை வாரி வாரி ஊற்றினாள். தன் துப்பட்டாவைச் சுற்றினாள். வேனில் இருந்த காலிப் பெட்டிகளைக் கீழே தள்ளிவிட்டு அவரை ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் நெற்றியில் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"மருந்து உள்ள போயிருக்கு, சரி. இது யாரு அடிச்சது?"

"நாந்தான்."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுதிக்கொண்டாள்.

"கூட யாரு இருப்பா?"

வராந்தாவில் வேறு யாரும் இல்லை.

"நாந்தான்."

மூன்றாம் நாள் அவர் கண் திறந்தார். அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தே கேட்டார்.

"மரத்துல பூ இருக்கா?"

அன்று காலையும் அவள் தோட்டத்துக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தாள்.

"மரம் பூரா இருக்கு, அண்ணாச்சி."

அவர் மூச்சை விட்டார்.

அவள் டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"சத்தந்தான் இல்ல."