டென்ட் போதும்

"டென்ட் போதும். இதெல்லாம் வேண்டாம்" என்றாள் அம்மாக்காரி, வண்டிக்குள் காலெடுத்து வைக்காமலே.

சுற்றுலா வண்டிகளை வாடகைக்கு விடும் அந்த இடத்தில் வருபவர்களைக் கவனித்து அனுப்புவதுதான் வண்டியைக் காட்டிக்கொண்டிருந்தவளின் வேலை. காலையிலிருந்து இந்தக் குடும்பத்தோடுதான் மல்லுக்கட்டு. கணவன், மனைவி, இரண்டு பெண்கள்.

"எத்தனை நாள் பயணம்?" என்று முதலில் கேட்டபோதே அம்மாக்காரியின் பதில் விட்டேற்றியாக வந்தது.

"தெரியாது. கொஞ்ச நாள் அந்த வீட்டை விட்டு வெளில இருக்கணும். அவ்வளவுதான்."

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் கேரவனைக் காட்டினாள். தானே ஓடும் மோட்டார் ஹோமைக் காட்டினாள். அடுப்பு, குளியலறை, மடக்கி வைக்கும் மேஜை என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். அம்மாக்காரி அசைந்து கொடுக்கவில்லை.

"மழை பெஞ்சா டென்ட்ல ரொம்பக் கஷ்டம்மா."

"நனைஞ்சா துடைச்சுக்கலாம்."

"நடு ராத்திரியில பாத்ரூம் போகணும்னா?"

"நான் கூடப் போவேன்."

"சரி, டென்ட்டுன்னாலும் ரெண்டா எடுத்துக்கோங்களேன். பிள்ளைங்களுக்குத் தனியா..."

"ஒண்ணுதான். நடுவுல தடுப்பு வச்சது இருந்தா அதுவும் வேண்டாம்."

வண்டி காட்டியவள் உதவிக்குக் கணவனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"அவ சொல்றதையே எடுத்துக்கலாம்மா."

சரியான தலையாட்டி, என்று நினைத்துக்கொண்டாள்.

சின்னவள் அதற்குள் மோட்டார் ஹோமின் டிரைவர் சீட்டில் ஏறி ஸ்டியரிங்கை உலுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவளுக்குப் பதினாறு, பதினேழு இருக்கும். வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. அம்மாக்காரி அவள் முழங்கையை விடாமல் பிடித்திருந்தாள், திருவிழாக் கூட்டத்தில் கைக்குழந்தையைப் பிடித்திருப்பதைப் போல. அங்கே கூட்டமே இல்லை.

அந்தப் பெண்ணின் கண் மட்டும் வண்டியின் பின்பக்கத்திலேயே இருந்தது. அங்கே ஒரு குட்டி அறை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு கதவு.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள் வண்டி காட்டியவள்.

பெரியவள் முதல்முறையாகப் பேசினாள். "இதுல ஒருத்தர் மட்டும் இருக்கலாமா?"

வண்டி காட்டியவளும் ஒற்றை அறையில் ஒரு கூட்டத்தோடு கிடந்து வளர்ந்தவள்தான். நிம்மதியாக அழுவதற்குக்கூட ஒரு மூலை கிடைக்காத வீடு அது.

அந்த நேரம் பார்த்துச் சின்னவள் ஹாரனை அலற விட்டாள். அம்மாக்காரி பெரியவளின் கையை விட்டுவிட்டு, சின்னவளை இறக்க முன்பக்கம் ஓடினாள்.

"அம்மாவை நான் பார்த்துக்கறேன். உள்ள போய்ப் படுத்துப் பாரு. தாழ்ப்பாள்கூட இருக்கு" என்றாள் அவள் பெரியவளின் காதோடு.

பெண் உள்ளே போனாள். கதவு மூடியது. தாழ் விழும் சத்தம் கேட்டது.

அம்மாக்காரி திரும்பினாள். "எங்க அவ?"

"உள்ளதான்மா. சும்மா படுத்துப் பார்க்கட்டுமேன்னு நான்தான்..."

முடிக்க விடவில்லை. அம்மாக்காரி அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள்.

"திற! கதவைத் திறடி! ஏங்க, ஓடி வாங்க!"

இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். தோளால் மோதினாள். அந்தத் தலையாட்டி மனிதரும் ஓடி வந்து காலால் உதைக்க ஆரம்பித்தார். சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு வீலென்று அழுதாள்.

கதவு திறந்தது. தலை கலைந்து நின்றாள் பெரியவள்.

"படுத்துப் பார்த்தேம்மா. வேற ஒண்ணுமில்ல."

அம்மாக்காரி அவள் முகத்தையும் கைகளையும் மாறி மாறித் தடவினாள். பிறகு வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனை நாளைக்கும்மா இப்படி?" என்று கேட்டாள் பெண். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அலுத்துப்போன குரல்.

பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ரத்தம் கொதித்தது. பெற்ற பெண்ணா, சிறைக் கைதியா? வியாபாரம் போனால் போகட்டும் என்று கேட்டே விட்டாள்.

"வளர்ந்த பொண்ணும்மா அவ. ஒரு நிமிஷம் தனியா இருந்துட்டா என்ன குடியா முழுகிடும்?"

அம்மாக்காரி நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து, ஒரு கையில் பெரியவளையும் மறு கையில் சின்னவளையும் பிடித்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாள்.

டென்ட்டை வாங்கிப் போகக் கணவர் மட்டும் பின்தங்கினார். அவள் மூட்டையைக் கொண்டுவந்து அவர் முன்னால் பொத்தென்று போட்டாள்.

"உள்ள தடுப்பு கிடையாது. வாசலுக்கு ஜிப்தான்."

"வெளியில இருந்தும் திறக்கலாம் இல்லையாம்மா?"

"திறக்கலாம்."

"அப்ப சரி."

அவளால் அடக்க முடியவில்லை. "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க சார். வீட்லயாவது அந்தப் பொண்ணுக்குன்னு ஒரு அறை இருக்கா?"

மூட்டையைத் தோளுக்கு ஏற்றியவர் காரைத் திரும்பிப் பார்த்தார்.

"இருக்கும்மா. கதவுதான் இல்ல. போன மாசம் அதை உடைச்சுக்கிட்டுப் போய்த்தான் அவளை உயிரோட தூக்கிட்டு வந்தோம்."