போனில் சொன்ன தகவல்

ஆய்விதழுக்கு வரும் கட்டுரைகளில் மேற்கோள்களைச் சரிபார்ப்பது என் வேலை. அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. புத்தகமோ கட்டுரையோ என்றால் கடைசிப் பக்கத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வாசகர் தேடி எடுத்துப் படித்துக்கொள்வார். ஒருவர் வாயால் சொன்னதை அப்படித் தேடி எடுக்க முடியாது அல்லவா? அதனால் அது பட்டியலில் சேராது. சொன்னவர் பெயரையும் தேதியையும் அந்த வரியிலேயே அடைப்புக்குறிக்குள் போட்டால் போதும்.

வௌவால்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் அப்படி என் மனைவியின் பெயர் இருந்தது. அதில் வியப்பில்லை, வௌவால்கள்தான் அவள் துறை. தேதிதான் இடித்தது. அது போன மாதத் தேதி. அவள் இறந்து இரண்டு வருடமாகிறது.

கட்டுரை எழுதிய பெண்ணுக்குப் போன் செய்தேன். அவள் மேற்கோள் காட்டியிருப்பது என் மனைவியை என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

"தேதி சரிதான் சார். பழைய கட்டுரை ஒண்ணுல நம்பர் இருந்துச்சு. அடிச்சேன், மேடமே எடுத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"வௌவால் பத்திதான் சார். அப்புறம், மேற்கோள் பாக்குற எடிட்டர் நை நைன்னு கேள்வி கேப்பாரு, கோவப்படாம பதில் சொல்லும்மான்னு சிரிச்சாங்க."

"வாய்விட்டா சிரிச்சாங்க?"

"ஆமா சார். ஏன்?"

அந்த எண் எனக்கு மனப்பாடம். திரும்பத் திரும்ப அடித்தேன். உபயோகத்தில் இல்லை என்றே வந்தது.

கட்டுரையில் வேறு பிழை எதுவும் இல்லை, அச்சுக்கு அனுப்பியிருக்கலாம். நான் அந்த வரியின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினேன்: "இதை அவரிடம் இன்னொரு முறை கேட்டு உறுதிசெய்யவும். அவசரமில்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும்."