பால் கொடுத்த நேரம்

குட்டி போட்ட நாற்பதாம் நாள், மின்னி என்ற மான் மறுபடியும் ஏரிக்கரைப் பந்தயத்துக்கு வந்து நின்றது. “பிள்ளைக்காரிக்கு எதுக்குக்கா ஓட்டம்?” என்று ஓர் இளமான் சிரித்தது. மின்னி வரிசையில் போய் நின்றது. தன் கால்களில் பழைய வேகம் மிச்சமிருக்கிறதா என்று அதற்கே தெரியவில்லை.

ஏழு மான்கள் பாய்ந்தன. பாதி வழியில் புதருக்குள்ளிருந்து குட்டி கத்தியது. மின்னி நின்று, அது வயிறு நிறையக் குடிக்கும்வரை பால் கொடுத்துவிட்டு, பிறகு ஒரே மூச்சாக ஓடி நாலாவதாக வந்தது.

நேரம் எண்ணிக்கொண்டிருந்த ஆள்காட்டிக் குருவி தயங்கியது. “பால் கொடுத்த நேரத்தைக் கழிச்சா நீதான் முதல், தாயி. கழிச்சிடவா?”

மின்னி மூச்சு வாங்கியபடியே தலையை நிமிர்த்தியது. “கழிக்காதே. நடுவுல நின்னு பால் கொடுத்தும் நாலாவதுன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு.”