கணக்கில் கூடிய ஆறு

"புதுமடம் நர்ஸ் காலிதா, குழந்தைகளுக்கு வந்த தடுப்பு மருந்தை வெளியில் விற்கிறாள். விசாரிக்கவும்."

கையெழுத்துப் போடாமல் இப்படி எழுதித் தபாலில் சேர்த்தது, பக்கத்து ஊரான வேம்பங்குடியின் நர்ஸ் கோகிலாதான்.

வயிற்றெரிச்சல் என்றால் அப்படி ஒரு வயிற்றெரிச்சல். கோகிலாவுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். காலிதா வேலைக்கு வந்து நாலே வருஷம். அவள் ஊரில் ஒரு குழந்தை விடாமல் தடுப்பூசி போட்டாயிற்று என்று கலெக்டர் கையால் சான்றிதழ். அந்தப் போட்டோ நர்ஸுகளின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தபோது, கோகிலாவும் கைதட்டுகிற பொம்மை ஒன்றைப் போட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே பேனாவை எடுத்தாள்.

சும்மா எழுதவில்லை. மாதாந்திரக் கூட்டத்தில் காலிதாவின் பதிவேட்டை எட்டிப் பார்த்திருந்தாள். புதுமடத்தில் ஊசி போட வேண்டிய குழந்தைகள் நாற்பத்தொன்று. செலவான ஊசி நாற்பத்தேழு.

'மிச்சம் ஆறு எங்க போச்சு?'

வேம்பங்குடியிலோ பதினொரு வீடு இன்னும் ஊசி வேண்டாம் என்று அடம்பிடிக்கிறது. வாசல் வாசலாக நின்று தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

பத்து நாள் கழித்து, இரண்டு ஊருக்கும் பொறுப்பான ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் சத்யப்பிரியா அந்த மொட்டைக் கடிதத்துக்காகக் காலிதாவைக் கூப்பிட்டு விசாரித்தார். கோகிலாவையும் வரச் சொல்லியிருந்தார். ஏன் என்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

"இந்த ஆறு குழந்தையும் உங்க ஊரு, கோகிலா."

பதிவேட்டில் பெயர், ஊர், தாயின் போன் நம்பர் எல்லாம் ஒழுங்காக இருந்தன.

"கேட்டு வந்த பிள்ளைங்கள திருப்பி அனுப்ப மனசு வரல மேடம்," என்றாள் காலிதா. "அக்கா ஊர்க் கணக்குலயே சேத்துருங்க. போட்டது யாரா இருந்தா என்ன?"

"அவங்க ஊர்ல போடாம உங்ககிட்ட ஏன் வந்தாங்க?"

காலிதா ஒரு நொடி கோகிலாவைப் பார்த்தாள். "மீன் வாங்க வருவாங்க மேடம். வந்த இடத்துல போட்டுக்கிட்டாங்க."

டாக்டர் பதிவேட்டை மூடிவிட்டார்.

கோகிலாவுக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. திருட்டு இல்லை என்றானதுகூடப் பரவாயில்லை. தன் ஊர்க்காரிகள் தன்னை விட்டுவிட்டு அவளைத் தேடிப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அந்த ஆறில் முதல் குழந்தையின் தாய் கவிப்ரியாவின் வீட்டுக்கு நடந்தாள்.

கவிப்ரியா களத்தில் மிளகாய் வற்றலைத் துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, மூணு தடவ உன் வாசல்ல வந்து நின்னேன். மருந்து கம்பெனிக்காரன் நம்ம பிள்ளைகள வச்சு சோதிச்சுப் பாக்குறான்னு சொன்ன. இப்ப ஆட்டோ புடிச்சுப் புதுமடத்துக்குத் தூக்கிட்டுப் போயிருக்க. அங்க மட்டும் வேற மருந்தா?"

"அதே மருந்துதான் நர்ஸம்மா."

"பெறகு?"

"அந்தக்கா மொத ஊசிய தன் மகளுக்குப் போட்டுச்சு. அதே குப்பில இருந்து அடுத்தது எம் மகனுக்கு. காய்ச்சல் வரும், தொடை வீங்கும், ஒரு நா அழுவான், பயந்தா போன் பண்ணுன்னுச்சு. சொன்ன மாதிரியே வந்துச்சு. மறுநா சரியாப் போச்சு."

"நான் என்ன விஷத்தையா கொண்டு வந்தேன்? ஒண்ணும் ஆகாதுன்னு எத்தன தடவ சொன்னேன்?"

கவிப்ரியா துடுப்பைக் கீழே வைத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

"உங்க பேத்திக்கு எங்க ஊசி போட்டீங்க நர்ஸம்மா?"

"காய்ச்சல் வராத ஊசின்னு ராமநாதபுரத்துல பிரைவேட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனீங்க. அந்த பஸ்ல பின் சீட்ல நானும் இருந்தேன். உங்க மக போன்ல பேசிக்கிட்டு வந்துச்சு. உங்க பெட்டில இருக்க மருந்து உங்க பேத்திக்கே ஆகாதுன்னா, நாங்க எத நம்பி வாரது?"

ரெண்டும் நல்ல மருந்துதான், ரெண்டும் ஒரே நோயைத்தான் தடுக்கும் என்று சொல்ல வாயெடுத்தாள் கோகிலா. மகள் கெஞ்சினாள், பிள்ளை அழுதால் தாங்கமாட்டேன் என்றாள். அன்றைக்கு அது பெரிய தப்பாகவே தோன்றவில்லை.

ஆனால் அவள் கேட்டது வேறு.

"இத காலிதாகிட்டயும் சொன்னீங்களா?"

"சொன்னோம்."

அப்படியென்றால் தெரிந்தும்தான் டாக்டர் முன்னால் மீன் கதை சொல்லியிருக்கிறாள். அங்கே மறைத்தாலும் வெளியில் ஊர் ஊராகச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

"என்ன சொன்னா?"

"ரெண்டு மருந்தும் நல்ல மருந்துதான், பேத்தி அழுறதப் பாக்க மாட்டாம செஞ்சிருப்பாங்க, கோகிலாக்கா நாளைக்கும் உங்க ஊருக்குள்ள தல நிமிந்து நடக்கணும்னுச்சு. இத வெளிய யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு எங்க ஆறு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டுத்தான் ஊசியவே கையில எடுத்துச்சு."