ஜூம் வேணாம்

பரசுராமன் ராயபுரத்திலிருந்து மகள் செங்கொடியை யானைக்கவுனிக்கு அழைத்து வந்திருந்தான், அவளுடைய முதல் கேமராவை வாங்க. முதல் படம், அப்பா வேலை செய்வதைத்தான் எடுப்பாளாம்.

“இன்னா வேல?” என்றார் கடைக்காரர்.

“ஹார்பர்ல கிரேன் ஓட்றேன்.”

“அப்ப ஜூம் வச்சது வாங்கு நைனா. உங்க வூட்டு மாடிலேர்ந்து புடிச்சாலும், கிரேன் உச்சில குந்திகினு கீற ஒன் மீசை தெரியும்.”

பரசுராமன் மீசையைத் தடவிக்கொண்டான். “ஜூம் வேணாங்க. கொழந்த கைக்குக் கனம்.”

“தூக்கிப் பாரு.”

தூக்கிப் பார்த்தான். கனமே இல்லை.

“நீ சொல்லு பாப்பா.”

“ஜூம் வேணாம்ணா,” என்றாள் செங்கொடி.

“அப்றம் நைனாவ எப்டி எடுப்ப?”

“நைனா ஹார்பர் கேட்டாண்ட டீ ஆத்திகினு இருக்கும். எதுர்லயே நின்னு எடுத்துக்குவேன்.”