அக்கரைக்காரர்

"அப்பா ஒரு புளுகர்!"

தாத்தாவின் சொந்த ஊரைப் பார்க்க வங்காளதேசத்துப் பாரிசாலுக்குப் போய்த் திரும்பிய பரிதோஷ் பெரியப்பா, பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே அறிவித்துவிட்டார்.

வீடே திகைத்துப் போனது. சாயங்காலம் தாத்தா நிபாரண் மித்ராவுக்கு நூற்றாண்டு விழா. பெரியப்பா எழுதிய குடும்ப வரலாற்றை ஊர் முன்னால் படிக்க வேண்டும். கொல்கத்தாவில் எங்கள் காலனி முழுக்கப் பிரிவினையின்போது எல்லை தாண்டி வந்த அக்கரைக்காரர்கள்தான். அவர்களிலேயே பெரிய அக்கரைக்காரர் எங்கள் தாத்தா.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். தாத்தாவின் அக்கரையில் பச்சையோடு தங்கமும் விளையும். "எங்க ஊர்ல..." என்று ஆரம்பித்தால் மாம்பழம் பூசணிக்காய் அளவுக்கு வளரும். குளத்தில் கையை விட்டால் மீன் தானாக வந்து ஏறும். பக்கத்தில் பாட்டி தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

இதில் மாட்டிக்கொண்டவர் மினு அத்தையின் வீட்டுக்காரர் பலாய் மாமா. கொல்கத்தாவை அடுத்த ஹூக்ளிக்காரர், அசல் இக்கரை.

"வாங்க மாப்பிள்ளை! பருப்புல சர்க்கரை போடறவங்களாச்சே நீங்க, பாயசத்துல என்ன போடுவீங்க, உப்பா?"

நாற்பது வருஷம் தாத்தாவுக்கு இதே பாட்டு. மாமா வாயில் கொழுக்கட்டை வைத்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

பெரியப்பா படபடத்தார். "ஆறு இருக்கு. ரெட்டைப் பனை இருக்கு. பூஜை மண்டபம்கூட இருக்கு. எல்லாம் அவர் சொன்ன மாதிரியேதான். மித்ரா வீடு எதுன்னு கேட்டா, 'அப்படி யாருமே இந்த ஊர்ல இருந்ததில்லையே'ங்கறாங்க! அது யாரோ குஹாங்கறவர் வீடாம். அடுத்தவன் வீட்டைக் காட்டி ஆயுசு முழுக்கப் பெருமையடிச்சிருக்கார்!"

"நல்லவேளை, இதைக் கேட்க அம்மா உயிரோட இல்ல" என்றாள் மினு அத்தை. "பாவம், அவர் அளந்ததுக்கெல்லாம் தலையாட்டுச்சு. அம்மாவோட பொறந்த வீட்டைப் பத்தி நாம கேட்டா மட்டும் அப்பா வாயை அடைச்சுடுவாரு."

சொல்லிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"என்ன சும்மா உட்கார்ந்திருக்கீங்க? நாப்பது வருஷம் வாங்கிக் கட்டிக்கிட்டீங்களே, இன்னைக்காவது சிரிச்சுத் தொலைங்களேன்!"

பலாய் மாமா டீயை ஒரு வாய் குடித்தார்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே."

"என்ன தெரியும்?"

"பொண்ணு பார்க்க வந்தப்பவே எங்கப்பா கண்டுபிடிச்சுட்டார். மாமாவுக்கு, அதான் உங்கப்பாவுக்கு, சொந்த ஊரு, ஹூக்ளியில எங்க ஊருக்கு அடுத்த ஊரு."

பெரியப்பா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். புளுகர் என்றால்கூடச் சமாளிக்கலாம். இக்கரைக்காரர் என்றால் காலனியில் எப்படித் தலைகாட்டுவது?

"அடப்பாவி அப்பா!" என்றாள் அத்தை. "இங்க பருப்புல துளி இனிப்பு தட்டினாத் தட்டை வீசுவாரு. எங்க வீட்டுக்கு வந்தா, 'மாப்பிள்ளை மனசு நோகக் கூடாது'ன்னு சொல்லிச் சொல்லி, சர்க்கரை போட்ட பருப்பையே திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டாரே!"

"அப்போ அந்தக் குஹா யாரு?" என்றார் பெரியப்பா.

"உங்க தாத்தா. அம்மாவைப் பெத்தவர்."

பலாய் மாமா நிதானமாகத் தொடர்ந்தார்.

"கலவரத்துல குடும்பமே போயிடுச்சு. உங்கம்மா மட்டும் தனியா கொல்கத்தா சியால்டா ஸ்டேஷன்ல வந்து இறங்கினாங்க. உங்கப்பா கல்யாணம் பண்ணி ஹூக்ளிக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க அவங்க அக்கரைப் பேச்சைக் கேட்டு வீடே சிரிச்சிருக்கு. அன்னையிலேருந்து உங்கம்மா வாயைத் திறக்கறதையே விட்டுட்டாங்க. உங்கப்பா பார்த்தார். வீடு வேண்டாம், ஊர் வேண்டாம்னு இந்தக் காலனிக்கு வந்து, அந்தப் பேச்சையும் கத்துக்கிட்டு, அக்கரைக்காரராவே ஆயிட்டார்."

பலாய் மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட ஒருதரம் சொன்னார். 'எங்க ஊர்லன்னு ஆரம்பிச்சாலே அவளுக்கு அழுகை வந்துடுது மாப்பிள்ளை. அதான் அவளுக்குப் பதிலா நான் சொல்லிடறேன்'னார்."

மினு அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை.

"அது சரி. அதுக்காக உங்களை ஏன் அந்தப் பாடு படுத்தணும்?"

"உங்கம்மா காதுல விழுற தூரத்துல மட்டும்தான் படுத்துவார். யோசிச்சுப் பாரு. அம்மா சிரிச்சு நீ எப்போ பார்த்திருக்கே?"

அத்தை யோசித்தாள். எங்கள் எல்லோருக்கும் அந்த ஒரு காட்சிதான் ஞாபகம் வந்தது. பலாய் மாமா திருதிருவென்று விழிக்க, பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். மற்ற நேரத்தில் அவள் சிரித்து நாங்கள் பார்த்ததேயில்லை.

வெளியே நாற்காலிகள் வந்து இறங்கும் சத்தம் கேட்டது. பெரியப்பா கையிலிருந்த காகிதங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இப்போ நான் எதைப் படிக்கிறது மாப்பிள்ளை?"

"எழுதினதையே படிங்க மச்சான், ஒரு வரி விடாம. முடிச்சதும் அந்த சர்க்கரைப் பருப்பைச் சொல்லி, வழக்கம்போல என்னை நாலு வாங்கு வாங்குங்க" என்றார் பலாய் மாமா. "மேடையில உங்கப்பா படத்துக்குப் பக்கத்துல உங்கம்மா படமும் இருக்கு, இல்ல?"